சி-க்கு மூன்று மாதம், பி-க்கு ஏன் ஆயுள் முழுக்க?

கல்லீரல் சிகிச்சைப் பிரிவில் மாத்திரை வாங்கும் வரிசையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் கேள்வி எப்படியும் காதில் விழும். "அவருக்கும் ஹெபடைடிஸ்னுதான் சொன்னாங்க. மூணு மாசம் சாப்பிட்டாரு, போதும்னு விட்டுட்டாங்க. எனக்கு எட்டு வருஷமா ஓடுது. எனக்கு மட்டும் ஏன் நிறுத்த மாட்டேங்கிறீங்க?"

"அவருக்கு சி, உங்களுக்கு பி" என்று கவுண்டரில் இருப்பவர் சொல்லிவிட்டு அடுத்த சீட்டை வாங்கிக்கொள்வார். பதிலில் பிழை இல்லை. வரிசை நீளும்போது அதற்கு மேல் விளக்கவும் முடியாது. ஆனால் எட்டு வருஷமாக மாத்திரை விழுங்குகிறவருக்கு அந்த ஓரெழுத்து போதாது. போதாததால்தான் சிலர் ஒருநாள் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் பெயர்க் குழப்பம். ஹெபடைடிஸ் என்றால் கல்லீரல் அழற்சி, அவ்வளவுதான். அதை உண்டாக்கும் வைரஸ்களுக்கு ஏ, பி, சி, டி, ஈ என்று பெயர் வைத்தார்கள். ஒரே தெருவில் ஐந்து முருகன் இருந்தால் ஐந்து பேரும் அண்ணன் தம்பி ஆகிவிட மாட்டார்கள், இங்கேயும் அப்படித்தான். ஏ-யும் ஈ-யும் கெட்ட தண்ணீர் வழியாக வருபவை. கண் மஞ்சளாகும், சில வாரம் படுத்தி எடுக்கும், பெரும்பாலும் தானே போய்விடும். பி-யும் சி-யும் ரத்தத்தின் வழியாக வருபவை. பி உடலுறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும்கூடப் பரவும். ஆறு மாதம் தாண்டியும் உடம்பில் இருந்தால் அதை நாள்பட்ட தொற்று என்கிறோம். அதற்குப் பிறகு இருபது, முப்பது வருஷம் சத்தமே இல்லாமல் இருக்கும். வலி இருக்காது, மஞ்சள் இருக்காது. உள்ளே கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பேறி, சிரோசிஸ் என்கிற கல்லீரல் சுருக்கம் வரும். அப்புறம் வயிற்றில் நீர் கோக்கும், ரத்த வாந்தி வரும், சிலருக்குப் புற்றுநோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் உலகம் முழுக்க 25.4 கோடிப் பேருக்கு பி, 5 கோடிப் பேருக்கு சி. இந்தியாவில் மட்டும் பி ஏறத்தாழ 3 கோடி, சி 55 லட்சம்.

இரண்டும் கல்லீரலைத்தான் தாக்குகின்றன, இரண்டும் சத்தமில்லாமல்தான் தாக்குகின்றன. சிகிச்சை மட்டும் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது?

பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். சி வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் நுழையும்போது கொண்டுவருவது ஒரே ஓர் ஆர்.என்.ஏ. இழை, உதிரித் தாள் மாதிரி. அந்தத் தாளைப் பார்த்து நகல், நகலைப் பார்த்து நகல் என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு நோயாளியின் உடம்பில் ஒரு நாளில் இப்படி உண்டாகும் வைரஸ் துகள்கள் லட்சம் கோடி வரை போகும். ரத்தத்தில் இருக்கும் துகள்களில் பாதி சில மணி நேரத்திலேயே அழிந்துவிடும். ஆனாலும் எண்ணிக்கை குறையாது, மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறதே. மூலப்பத்திரம் என்று எங்கேயும் எதுவும் இல்லை. மெஷினை நிறுத்திவிட்டு, இருக்கும் தாள்கள் மக்கும்வரை காத்திருந்தால் போதும், கதை முடிந்தது. அதற்குத்தான் அந்தப் பன்னிரண்டு வாரம்.

பி அப்படி இல்லை. அது டி.என்.ஏ. வைரஸ். மனிதர்களைத் தாக்கும் வைரஸ்களில் மிகச் சிறிய மரபுத்தொகுதி உடையவற்றில் ஒன்று. மொத்தமே சுமார் 3,200 எழுத்துகள். செல்லுக்குள் வந்ததும் நேராக அதன் உட்கருவுக்குள் போகிறது, அதாவது நம்முடைய சொந்த மரபணுக்கள் இருக்கும் பீரோவுக்குள். அங்கே தன் டி.என்.ஏ.வின் விட்டுப்போன பகுதிகளை நம் செல்லின் நொதிகளை வைத்தே நிரப்பி, இரண்டு முனைகளையும் சேர்த்து வளையமாக மூடிக்கொள்கிறது. அதுதான் மூலப்பத்திரம். அதிலிருந்து முதலில் ஆர்.என்.ஏ. நகல் வெளியே வரும், அந்த ஆர்.என்.ஏ.வைத் திரும்ப டி.என்.ஏ.வாக எழுத வைரஸ் தன்னுடைய சொந்த நொதி ஒன்றை வைத்திருக்கிறது. எச்.ஐ.வி.யிடம் இருக்கும் நொதிக்கு இது உறவு. பி-க்கு நாம் கொடுக்கும் மாத்திரைகள் எல்லாம் அடைப்பது இந்த நொதியைத்தான், அதாவது ஜெராக்ஸ் மெஷினை. பீரோவுக்குள் இருக்கும் வளையத்தை அவை தொடுவதே இல்லை. அதனால்தான் ரத்தத்தில் வைரஸே தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகும் மருத்துவர் "தொடருங்க" என்கிறார். மெஷின் நின்றிருக்கிறது. பத்திரம் இருக்கிறது.

இங்கே ஒரு சென்னைக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

"காமாலைக்கு இங்கிலீஷ் மருந்தே கிடையாது" என்று நம் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, கழுவி, அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு உருண்டையை மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடிப்பது. எண்ணெய் கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும் என்று பத்தியம். வரப்பிலும் வீட்டுக் கொல்லையிலும் முளைக்கும் சின்னச் செடி அது. இலைக் காம்பைத் திருப்பிப் பார்த்தால் அடியில் கடுகுக்குக் கொஞ்சம் பெரிதாக வரிசையாகக் காய்கள், அதனால்தான் கீழ்க்காய் நெல்லி, கீழாநெல்லி. இந்தச் செடியைச் சோதனைச்சாலைக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர், பி வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் இருந்த நுண்ணுயிரியல் பேராசிரியர் எஸ்.பி.தியாகராஜன், பிற்பாடு அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானவர், அவரோடு சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தினார். 1988இல் லான்செட் மருத்துவ இதழில் அது வெளிவந்தது. பி வைரஸை நாள்பட்டுச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்குக் காய்ந்த கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், முப்பது நாள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் இல்லாமல் போயிருந்தது. மருந்தே கலக்காத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும்.

நூற்றுக்கு 59! இன்றைக்கு இருக்கும் எந்த பி மாத்திரையும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட வராது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்த முடிவு வரவில்லை. 1990இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் பலனில்லை என்று அதே லான்செட்டில் எழுதினார்கள். செடி வேறு, மண் வேறு, பறித்த பருவம் வேறு என்று விளக்கங்கள் வந்தன. அவற்றில் கொஞ்சம் நியாயமும் இருந்தது; கீழாநெல்லி என்று விற்கப்படுவது எல்லாம் ஒரே இனம் இல்லை. இருந்தாலும், ஒரு மருந்து ஓரிடத்தில் மட்டும் வேலை செய்தால் அதை மருந்து என்று சொல்ல முடியாது. இந்த வகைச் செடிகளை வைத்து நடந்த ஆய்வுகளையெல்லாம் 2011இல் ஒன்றுசேர்த்துப் பார்த்த, மருத்துவ ஆதாரங்களை எடைபோடும் காக்ரன் அமைப்பின் தொகுப்பாய்வும், வெறும் மாத்திரையைவிட இது மேல் என்று நம்பும்படியான ஆதாரம் இல்லை என்றே சொன்னது. தியாகராஜன் குழுவைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை என்பது என் கருத்து. ஊர் நம்பிக்கையை வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்து, எண்ணோடு வெளியிட்டார்கள். அதனால்தான் மற்றவர்களால் அதைச் சரிபார்க்கவே முடிந்தது.

அப்படியானால் ஊரில் இத்தனை பேருக்குக் காமாலை இறங்கியது எப்படி? பெரும்பாலும் ஏ அல்லது ஈ வந்தவர்கள் அவர்கள். எதுவும் கொடுக்காவிட்டாலும் இறங்கியிருக்கும். வளர்ந்த பிறகு புதிதாக பி தொற்றியவர்களிலும் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு உடம்பே அதை விரட்டிவிடுகிறது. பிறக்கும்போது தொற்றினால் கணக்கு தலைகீழ்: நூற்றில் தொண்ணூறு குழந்தைகளுக்கு அது தங்கிவிடும். எதிர்ப்பு மண்டலம் அந்த வயதில் வைரஸை எதிரியாகவே பார்ப்பதில்லை. இந்தக் கட்டுரை பேசுகிற நோய் அந்த மஞ்சளே காட்டாத நோய்தான். மஞ்சள் போய்விட்டதா என்று கண்ணாடியில் கண்ணைப் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது.

பி-க்கு முதலில் வந்த அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்டர்ஃபெரான் ஊசி, 1992இல் அமெரிக்காவில். அது வைரஸை நேரடியாக அடிக்காது, எதிர்ப்பு மண்டலத்தைத் தட்டி எழுப்பும். சிலருக்கு நல்ல பலன் கிடைத்தது, பலருக்குக் காய்ச்சலும் உடம்பு வலியும் மனச்சோர்வும்தான் மிஞ்சின. 1998இல் லாமிவுடின் வந்தது. எச்.ஐ.வி.க்கு ஏற்கெனவே பயன்பட்டுவந்த மாத்திரை அது. தினம் ஒன்று, பக்கவிளைவு என்று சொல்லும்படி எதுவுமில்லை. சில வாரத்திலேயே வைரஸ் எண்ணிக்கை சரிந்தது. எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் நொதியின் நடுவே ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு வைரஸ் மருந்தை ஏமாற்றக் கற்றுக்கொண்டது. ஐந்து வருஷம் தொடர்ந்து சாப்பிட்டவர்களில் எழுபது சதவீதம் பேருக்கு எதிர்ப்புத் திறன் உள்ள வைரஸ் வந்துவிட்டது. இன்றும் சில பழைய சீட்டுகளில் லாமிவுடின் மட்டும் தனியாக எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் மருத்துவரிடம் போய் மாற்றிக்கொள்ள வேண்டியதா என்று கேட்பது நல்லது.

லாமிவுடின் தோற்றாலும் ஒரு பெரிய விஷயத்தை நிரூபித்துவிட்டுப் போனது. கல்லீரல் ஏற்கெனவே பெருமளவு கெட்டுப்போயிருந்த ஆசிய நோயாளிகளிடம் நடந்து 2004இல் வெளிவந்த ஆய்வில், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் நோய் முற்றியது 17.7 சதவீதம், லாமிவுடின் சாப்பிட்டவர்களில் 7.8 சதவீதம். அதாவது வைரஸை ஒழிக்க முடியாவிட்டாலும் அடக்கி வைத்தாலே கல்லீரல் தப்பிக்கிறது. அன்றிலிருந்து இன்றுவரை பி சிகிச்சை நிற்பது இந்த ஒரு தூணின் மேல்தான்.

அடுத்து என்டெகாவிர், 2005. அப்புறம் டெனோஃபோவிர், பி-க்கு 2008இல் அங்கீகாரம். பிராகாவில் வேதியியலாளர் அந்தோனின் ஹோலி உருவாக்கிய மூலக்கூறு அது. இந்த இரண்டிடமும் வைரஸின் பழைய தந்திரம் செல்லவில்லை. இதற்கு முன் எந்த மருந்தும் சாப்பிடாதவர்களிடம் என்டெகாவிருக்கு ஐந்து வருஷத்தில் எதிர்ப்பு வந்தது ஒன்றேகால் சதவீதத்துக்கும் குறைவு. டெனோஃபோவிருக்கோ வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தும் சொல்லும்படி எதுவும் வரவில்லை. என்னை ஆச்சரியப்படுத்தியது இன்னொரு எண். டெனோஃபோவிர் தொடங்கும்போதே கல்லீரல் சுருக்கம் இருந்த 96 பேருக்கு ஐந்து வருஷம் கழித்து ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். 71 பேருக்குச் சுருக்கம் இல்லை. திரும்பவே திரும்பாது என்று மருத்துவக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்த தழும்பு கரைந்திருந்தது. மூலப்பத்திரம் பீரோவிலேயே இருக்க, கல்லீரல் தன்னைத்தானே சரிசெய்துகொண்டிருக்கிறது.

எப்படிச் சாப்பிடுவது என்பதில் சின்ன வித்தியாசங்கள் உண்டு. என்டெகாவிர் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி. டெனோஃபோவிருக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் பழைய வகை, 300 மில்லிகிராம், சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் கொஞ்சம் பாதிக்கும். அதனால்தான் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் சோதனையைப் பார்க்கச் சொல்கிறார்கள். புதிய வகை 25 மில்லிகிராமிலேயே அதே வேலையைச் செய்கிறது, சிறுநீரகத்துக்கும் இதம். ஏற்கெனவே சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்களுக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சரி, யாருக்கு மாத்திரை வேண்டும்? பி இருப்பவர் எல்லோருக்கும் வேண்டியதில்லை என்பதுதான் நீண்ட நாளாக விதி. ரத்ததான முகாமில் கொடுத்த ரத்தம் சோதனையில் 'ரியாக்டிவ்' என்று வந்து, ரத்த வங்கியிலிருந்து அழைத்துச் சொல்வார்கள். பதறிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினால் அவர் எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கூடும் நொதி) பார்த்துவிட்டு "நார்மல்தான், ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிடுவார். வந்தவருக்கு இது இரண்டு விதமாகக் கேட்கும். சிலருக்கு 'எனக்கு ஒன்றுமில்லை' என்று. அவர்கள் திரும்பி வருவதே இல்லை. சிலருக்கு 'எனக்கு மருந்தே இல்லை' என்று. அவர்கள் நாட்டு மருந்துக் கடைக்குப் போகிறார்கள். இரண்டுமே தவறு. அந்த 'நார்மல்' என்ற சொல்லிலும் ஒரு கோளாறு இருக்கிறது. பெரும்பாலான லேப் ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.பி.டி.யின் மேல் எல்லை 40 அல்லது அதற்கும் மேல் என்று அச்சடித்திருப்பார்கள். கல்லீரல் வல்லுநர்கள் பி நோயாளிக்கு வைக்கும் எல்லை ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19. அச்சடித்த எல்லைக்குள் 36 என்று வந்த பெண்மணி நிம்மதியாக வீட்டுக்குப் போவார். உண்மையில் அது அவருக்கு இருக்க வேண்டியதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

2024 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் இந்த விதியைத் தளர்த்தியது. வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு, மில்லிலிட்டருக்கு 2,000 யூனிட்டுக்கு மேல் இருந்து, எஸ்.ஜி.பி.டி.யும் மேலே சொன்ன 30, 19 என்ற எல்லையைத் தாண்டினால் சிகிச்சை. தழும்பு கணிசமாக இருப்பது தெரிந்தால் வைரல் லோடு எவ்வளவு என்று பார்க்காமலே சிகிச்சை. இதற்கு, கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் 7 என்ற எண்ணுக்கு மேல் வந்தால் போதும். அந்த மெஷின் இல்லாத ஊரில் சாதாரண ரத்தப் பரிசோதனையில் வரும் எஸ்.ஜி.ஓ.டி. என்ற இன்னொரு நொதியையும் பிளேட்லெட் எண்ணிக்கையையும் வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். எச்.ஐ.வி., டி அல்லது சி தொற்றும் சேர்ந்திருந்தாலும், சர்க்கரை நோய், கொழுப்புக் கல்லீரல் கூடவே இருந்தாலும், குடும்பத்தில் யாருக்காவது கல்லீரல் புற்றுநோயோ சுருக்கமோ வந்திருந்தாலும் சிகிச்சை. வைரல் லோடு பார்க்க வழியே இல்லாத இடத்தில், எஸ்.ஜி.பி.டி. தொடர்ந்து கூடுதலாக இருந்தாலே தொடங்கலாம். பழைய விதிகளோடு ஒப்பிட்டால் இது நிறையப் பேரை உள்ளே கொண்டுவருகிறது. அது தேவையும்கூட: 2022 கணக்குப்படி உலகில் பி உள்ளவர்களில் தனக்கு இருப்பது தெரிந்தவர்கள் நூற்றுக்கு 13 பேர், மருந்து சாப்பிடுகிறவர்கள் 3 பேர். மருந்தின் விலையை மட்டும் இதற்குக் காரணம் சொல்ல முடியாது. டெனோஃபோவிர் ஒரு மாதத்துக்கு மொத்தக் கொள்முதலில் 2.4 டாலருக்குக் கிடைக்கிறது. இந்தியாவிலும் 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய திட்டத்தின் கீழ் அரசு மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அந்தத் தேதியில் உலக ஹெபடைடிஸ் தினம் வருவது, பிளம்பர்க் பிறந்த நாள் என்பதால்.

இனி நிறுத்துவது பற்றி. "ரெண்டு வருஷமா வைரஸ் ஜீரோ. எதுக்கு இன்னும்?" என்று நினைத்து ஒருவர் மாத்திரையை விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் சில வாரம் ஒன்றும் தெரியாது. உடம்பு நன்றாகத்தான் இருக்கும், அதுவே 'பார்த்தாயா' என்று தைரியம் கொடுக்கும். உள்ளே வளையத்திலிருந்து மறுபடி நகல்கள் கிளம்பிவிட்டன. வாரங்களிலோ மாதங்களிலோ ஏறிவிட்ட வைரஸை இத்தனை நாள் சும்மா இருந்த எதிர்ப்பு மண்டலம் திடீரென்று பார்த்து, வைரஸ் இருக்கும் கல்லீரல் செல்களையெல்லாம் கூட்டமாக அழிக்கிறது. எஸ்.ஜி.பி.டி. ஆயிரத்தைத் தாண்டும். சுருக்கம் இல்லாதவர் பெரும்பாலும் சமாளித்துவிடுவார். சுருக்கம் இருப்பவருக்கு மிச்சமிருக்கும் கல்லீரலும் கைவிட்டுவிடலாம். மாற்றுக் கல்லீரல் தேட வேண்டி வரும். மாத்திரையை நிறுத்தவே கூடாது என்றில்லை. மேலுறைப் புரதமே ரத்தத்திலிருந்து மறைந்து அப்படியே நீடித்தால் நிறுத்தலாம். இ-ஆன்டிஜென் என்ற இன்னொரு புரதம் மறைந்து எதிர்ப்பொருள் உண்டாகி, அதற்குப் பிறகும் ஒரு வருஷமாவது மாத்திரை தொடர்ந்திருந்தால், சுருக்கம் இல்லாதவருக்கு நிறுத்திப் பார்க்கலாம். இரண்டிலும் அடுத்த மாதங்களில் அடிக்கடி ரத்தப் பரிசோதனை உண்டு. மேலுறைப் புரதம் மறைவதோ மாத்திரை சாப்பிடுகிறவர்களில் வருஷத்துக்கு நூற்றில் ஒருவருக்கு நடந்தாலே அதிகம்.

இதே விபரீதம் மாத்திரையே சாப்பிடாதவருக்கும் வேறு வழியில் வரும். புற்றுநோய்க்குக் கீமோ, சில ரத்த நோய்களுக்குக் கொடுக்கும் ரிட்டுக்சிமாப் மருந்து, நீண்ட நாள் ஸ்டீராய்டு இவையெல்லாம் எதிர்ப்பு மண்டலத்தைத் தூங்க வைக்கும்போது பீரோவில் இருக்கும் பி விழித்துக்கொள்ளும். அதனால் அந்தச் சிகிச்சைகளுக்கு முன் பி சோதனை செய்து, இருந்தால் முன்கூட்டியே டெனோஃபோவிரோ என்டெகாவிரோ கொடுத்துவிடுவது வழக்கம். சி-க்கான மாத்திரையாலும் இது நடக்கலாம். இரண்டு வைரஸும் இருப்பவரிடம் சி போனதும், அதுவரை அடங்கியிருந்த பி தலைதூக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2016இல் எல்லா சி மருந்துகளின் உறையிலும் இந்த எச்சரிக்கையைக் கட்டம் கட்டிப் போடச் சொன்னது.

கர்ப்பிணிகளுக்கு மாத்திரை வேறு காரணத்துக்காக. தாயின் வைரல் லோடு 2 லட்சத்துக்கு மேல் இருந்தால் பிறந்த உடனே குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாலும் சில நேரம் தொற்றிவிடுகிறது. ஏழாம் மாதத்தை ஒட்டி டெனோஃபோவிர் தொடங்கிப் பிரசவம்வரை கொடுத்தால் அந்த ஓட்டை அடைபடும். அதற்காகக் குழந்தைக்குத் தடுப்பூசி வேண்டாம் என்றாகிவிடாது. பிறந்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அது போட்டாக வேண்டும்.

வளையத்தையே உடைக்கும் மருந்து இன்னும் வரவில்லை. பெபிரோவிர்சென் என்ற ஊசி மருந்து, வைரஸின் ஆர்.என்.ஏ.வையே வெட்டிப்போடும் வகை, 2022இல் வெளியான இரண்டாம் கட்ட ஆய்வில் நூற்றில் ஒன்பது, பத்துப் பேருக்கு மேலுறைப் புரதத்தை மறையச் செய்து அப்படியே நீடிக்க வைத்தது. மேலுறைப் புரதம் முதலிலேயே குறைவாக இருந்தவர்களிடம்தான் பலன் அதிகம். கேட்கச் சின்ன எண். ஆனால் வருஷத்துக்கு ஒன்று என்று பார்த்துப் பழகிய துறையில் அது செய்திதான்.

இப்போது சி பக்கம் வரலாம். 1989இல்தான் இந்த வைரஸுக்குப் பெயரே கிடைத்தது. அதுவரை 'ஏ-யும் இல்லை பி-யும் இல்லை' என்றே அழைத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தேடிப்பிடித்த ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹாட்டன், சார்ல்ஸ் ரைஸ் மூவருக்கும் 2020இல் நோபல். முதல் இருபது வருஷச் சிகிச்சை கொடுமை. வாராவாரம் இன்டர்ஃபெரான் ஊசி, தினமும் ரிபாவிரின் மாத்திரை, 24 அல்லது 48 வாரம். ஊசி போட்ட இரவு குளிர் காய்ச்சல், முடி கொட்டும், ரத்தம் குறையும், தற்கொலை எண்ணம் வரையில் மனம் சரியும். அத்தனையும் தாங்கியவர்களில் முதலாம் வகை வைரஸ் உள்ளவர்களுக்குக் குணமானது பாதிக்கும் கீழ். இந்தியாவில் அதிகம் காணப்படும் மூன்றாம் வகைக்குக் கொஞ்சம் மேல்.

பார்மாசெட் என்ற சிறு நிறுவனத்தில் மைக்கேல் சோஃபியா குழு உருவாக்கிய மூலக்கூறு இதை மாற்றியது. வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை எழுதும்போது சேர்க்கும் எழுத்துகளில் ஒன்றைப் போலவே இருக்கும் போலி எழுத்து அது; வைரஸ் அதைச் சேர்த்த மாத்திரத்தில் வரி அங்கேயே அறுந்துவிடும். அவர் பெயரை வைத்தே அதற்கு சோஃபோஸ்புவிர் என்று பெயர். கிலியட் என்ற பெரிய மருந்து நிறுவனம் 2011இல் சுமார் 1,100 கோடி டாலர் கொடுத்து அந்த நிறுவனத்தை வாங்கி, 2013 டிசம்பரில் அனுமதி பெற்று, ஒரு மாத்திரைக்கு 1,000 டாலர் என்று விலை வைத்தது. பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டாலர். அதே மருந்தை 68 முதல் 136 டாலர் செலவில் தயாரித்துவிட முடியும் என்று லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எதிர்ப்பு வலுத்தது. 2014 செப்டம்பரில் ஏழு இந்திய நிறுவனங்களுக்கு கிலியட் உரிமம் கொடுத்தது; 91 நாடுகளுக்கு விற்கலாம். போட்டி விலையை உடைத்தது. சோஃபோஸ்புவிரும் டாக்லடாஸ்விர் என்ற இன்னொரு சி மருந்தும் சேர்ந்த முழுச் சிகிச்சை இப்போது 60 டாலருக்கு வந்து நிற்கிறது. நம் தேசிய திட்டத்திலும் சுருக்கம் இல்லாதவர்களுக்கு இந்த ஜோடிதான், பன்னிரண்டு வாரம். சுருக்கம் வந்துவிட்டால் சோஃபோஸ்புவிரோடு வெல்படாஸ்விர்.

இந்த மாத்திரைகளை ஒரு நாடு முழுக்கக் கொடுத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு எகிப்து இருக்கிறது. அங்கே சி பரவியதே ஒரு சிகிச்சையால்தான். நைல் ஆற்று வாய்க்கால்களில் நத்தை வழியாகப் பரவும் ஷிஸ்டோசோமா புழு நோய்க்கு 1950களிலிருந்து ஊர் ஊராக ஆன்டிமனி ஊசி போட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் வரிசை, கண்ணாடி சிரிஞ்சுகள் சில, அவற்றைச் சரியாகக் கொதிக்க வைக்க நேரமில்லை. 1980களில் விழுங்கும் மாத்திரை வரும்வரை இது ஓடியது. 2008 கணக்கெடுப்பில் 15 முதல் 59 வயதுக்குள் இருந்தவர்களில் 14.7 சதவீதம் பேரின் ரத்தத்தில் சி எதிர்ப்பொருள். உலகிலேயே அதிகம். 2014இல் எகிப்து அரசு முழுச் சிகிச்சையை 900 டாலருக்குப் பேசி முடித்தது, பிறகு உள்ளூரிலேயே தயாரித்தது. 2018 அக்டோபரில் தொடங்கி ஏழு மாதத்தில் ஏறத்தாழ 5 கோடிப் பேரைச் சோதித்தார்கள். விரலில் குத்தி ஒரு சொட்டு, சில நிமிடத்தில் முடிவு. சிகிச்சை முடிவு தெரிந்தவர்களில் 98.8 சதவீதம் பேருக்குக் குணம். ஒருவரைக் கண்டுபிடித்துக் குணமாக்க ஆன மொத்தச் செலவு 131 டாலர்.

சி-யில் குணம் என்றால் முழுக் குணம்தான். கடைசி மாத்திரை விழுங்கிப் பன்னிரண்டு வாரம் கழித்து வைரல் லோடு சோதனையில் வைரஸ் தெரியாவிட்டால் அது திரும்புவது அபூர்வம். மறுபடி வந்தால் பெரும்பாலும் அது புதிதாகத் தொற்றியதுதான். சுத்தம் செய்யாத ஊசி, டாட்டூ ஊசி, பகிர்ந்துகொண்ட ரேசர் எதிலிருந்தும் வரலாம். ஒருமுறை குணமானதால் பாதுகாப்பு எதுவும் கிடைத்துவிடாது. ஏற்கெனவே சுருக்கம் வந்தவர்கள் குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும். வைரஸ் போனாலும் தழும்புக்குள் புற்றுநோய் வரும் வாய்ப்பு கொஞ்சம் மிஞ்சுகிறது.

இன்னொரு தொல்லை காகிதத்தில் வருவது. சி-க்கு முதலில் செய்யும் சோதனை வைரஸைத் தேடுவதில்லை, வைரஸுக்கு எதிராக உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளைத் தேடுகிறது. குணமான பிறகும் அது ரத்தத்தில் இருந்துகொண்டே இருக்கும், பெரும்பாலும் ஆயுள் முழுக்க. வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போகிறவர் இதில் மாட்டிக்கொள்கிறார். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டு, வைரஸ் ஒன்றுகூட இல்லாமல் நிற்பவர் கையில் 'பாசிட்டிவ்' என்று தாள் வருகிறது. அதற்குப் பக்கத்தில் வைக்க வைரல் லோடு ரிப்போர்ட்டையும், சிகிச்சை முடித்த சான்றையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அந்த இரண்டு தாளையும் அங்கே எல்லோரும் ஏற்றுக்கொள்வதில்லை என்பது வேறு விஷயம். அடுத்த முறை யாராவது ரத்தம் எடுத்து 'உங்களுக்கு சி இருக்கிறது' என்று மறுபடி மாத்திரை எழுத முனைந்தால், அதே தாள்கள்தான் அப்போதும் கைகொடுக்கும்.